குரோஷா போர்வைகள்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

இந்தப் பருவத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் கைவேலை வகுப்பில் குரோஷா, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலை, செய்யப் போகிறார்கள். ஆளுக்குச் சில சதுரங்கள். அவற்றை இணைத்துப் போர்வைகளாக்கி, முதியோர் இல்லத்துக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் கொடுப்பதாகத் திட்டம். அறிவிப்பைப் பார்த்ததும் சிலர், "நாங்களே பின்னிக் கொடுத்துவிடுகிறோமே, பிள்ளைக்கு எதற்குச் சிரமம்?" என்று கேட்டீர்கள். அக்கறையோடுதான் கேட்டீர்கள். ஆனாலும் வேண்டாம். பிள்ளை தன் கையால் பின்னிய சதுரம் கோணலாக இருந்தாலும் எங்களுக்கு அதுதான் வேண்டும்.

"பையனுக்கு எதற்கு இது?" என்றும் ஒரு கேள்வி வந்தது. பையனும் போர்த்திக்கொண்டுதானே தூங்குகிறான்!

பின்னலில் எத்தனையோ வகை இருக்க, குரோஷாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் நிற்கும். ஊசி உருவிக்கொண்டால் எல்லாமே நழுவும். குரோஷாவில் ஒரு தையல் முடிந்ததும் கொக்கியில் மிஞ்சுவது ஒரே ஒரு கண்ணி. தப்பு வந்தால் நூலை இழுத்து, தப்பு நடந்த இடம் வரை பிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய தைரியம். கொக்கியின் முனையும் மழுங்கலானது, குத்தாது. கத்தரிக்கோல் மட்டும் ஆசிரியரிடம் இருக்கும்.

சதுரம் சதுரமாகச் சேர்ப்பது நாங்கள் கண்டுபிடித்த வழி அல்ல. அமெரிக்காவில் 1991-இல் ஈவி ரோசன் என்பவர் தொடங்கிய 'வார்ம் அப் அமெரிக்கா' அமைப்பு, 7-க்கு 9 அங்குலத் துண்டுகளாகப் பலரிடம் வாங்கி, 49 துண்டுகளை ஒரு போர்வையாக இணைத்தது. முழுப் போர்வை பின்ன நேரம் இல்லாதவரும் ஒரு துண்டு பின்ன முடியும் என்பதுதான் கணக்கு. நாம் 15 செ.மீ. சதுரம் வைத்துக்கொள்கிறோம். அகலத்துக்கு 6, நீளத்துக்கு 8 என்று 48 சதுரம் சேர்ந்தால் 90-க்கு 120 செ.மீ. வரும். சக்கர நாற்காலியில் உட்காருபவர் மடியில் போட்டுக்கொள்ள இந்த அளவு போதும். இதைவிடப் பெரிதானால் ஓரம் தொங்கிச் சக்கரத்தில் மாட்டும்.

அளவுதான் பெரிய தலைவலி. ஒரே நூல், ஒரே கொக்கி என்றாலும் இறுக்கிப் பின்னும் பிள்ளைக்கு 13 செ.மீ. வரும், தளர்வாகப் பின்னுபவருக்கு 17 வரும். அதற்காக யாரையும் திட்ட வேண்டியதில்லை. இறுக்கமாகப் பின்னுபவருக்குக் கொஞ்சம் பெரிய கொக்கியும் மற்றவருக்குச் சின்னதும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அப்படியும் சிறுத்தால் சுற்றிலும் ஒரு வரிசை கூட்டிக்கொள்ளலாம். இடக்கைப் பிள்ளைகள், வலக்கையால் பின்னுபவருக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்து பார்க்கட்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே செய்ய வரும். தயவுசெய்து கையை மாற்றச் சொல்லாதீர்கள்.

கொடுத்து அனுப்ப வேண்டியவை: 5 மி.மீ. கொக்கி ஒன்று, நடுத்தரக் கனமுள்ள அக்ரிலிக் நூல், நூல் கோக்கும் பெரிய காதுள்ள ஊசி. அசல் கம்பளி நூல் வேண்டாம் என்பதைப் பார்த்து, நாம் மட்டமானதைக் கொடுப்பதாக நினைக்காதீர்கள். இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் துணிகளை இயந்திரத்தில்தான் துவைப்பார்கள். வெந்நீரில் சுழன்றால் சாதாரணக் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். பருத்தி நல்ல நூல்தான், ஆனால் போர்வையாகும்போது கனக்கும், காயவும் நேரமாகும். அக்ரிலிக்குக்கும் ஒரு குறை உண்டு: நெருப்பு பட்டால் உருகும். அதனால் அடுப்புப் பக்கம் அது போகக் கூடாது. நூல்கண்டின் சீட்டைக் கிழித்துப் போடாமல் அனுப்புங்கள், எந்தத் தடவை சாயம் ஏற்றிய நூல் என்று காட்டும் சாயத் தொகுதி எண் அதில்தான் இருக்கும். வீட்டில் மிஞ்சிய நூல் இருந்தால் அதுவும் சரி. ஆனால் நாய், பூனை புரண்ட நூலும் புகை வாடை ஏறிய நூலும் வேண்டாம். நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வீட்டில் நீங்கள் உதவ விரும்பினால் ஓர் இடம் இருக்கிறது. பிள்ளைகள் நூலை ஒட்ட வெட்டி, ஒரு முடிச்சுப் போட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். சில துவைப்பில் அந்த முடிச்சு அவிழும். நூல் நுனியை 15 செ.மீ. நீளமாவது வால்போல விட்டு, ஊசியில் கோத்து, தையல்களுக்குள் ஒரு பக்கம் ஓட்டித் திருப்பி மறுபக்கமும் ஓட்டினால்தான் நிற்கும். சலிப்பான வேலைதான். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் துணையாக இருங்கள், ஊசியை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

சில பிள்ளைகள், "பாட்டிக்கு ஒன்று பின்னலாமா, புதுசாப் பிறந்த தம்பிக்கு ஒன்று பின்னலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக, ஆனால் வகுப்புச் சதுரங்கள் முடிந்த அப்புறம். பாட்டிக்குத் தரும்போது, எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கையால் செய்ததாயிற்றே என்று அழுக்காக்கப் பயந்து பீரோவில் பூட்டிவைப்பவர்கள்தான் அதிகம். கைக்குழந்தைக்கு என்றால் பெரிய ஓட்டை விழும் பின்னல் ஆகாது, பிஞ்சு விரல் அதில் மாட்டிக்கொள்ளும். குஞ்சம், பொத்தான் எதுவும் கூடாது. ஒரு வயது வரை, குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவுமே இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கையில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மருத்துவமனைக்குப் போகும் போர்வைகளுக்கும் இதே விதிதான். எந்த வயதுக் குழந்தைகளுக்கு வேண்டும் என்று முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பின்னத் தொடங்குவோம்.

போர்வையில் பிள்ளைகளின் பெயர் போட மாட்டோம், கொடுக்கும்போது பெறுபவரை நிறுத்திவைத்துப் படம் எடுக்கவும் மாட்டோம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் என்னை நேரில் வந்து பார்க்கலாம்.

நூல் வாங்குவது சிரமம் என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளியிலிருந்து கொடுத்துவிடுவோம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. உங்களில் குரோஷா தெரிந்தவர்கள் வகுப்புக்கு வந்து உதவ முடியுமானால், கீழேயுள்ள சீட்டில் எந்த நாள் தோதுப்படும் என்று எழுதி, பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்