எல்கைப் பந்தயக் கமிட்டியாருக்கு: குதிரையை அளக்கிறீர்கள், ரோட்டை எப்போது அளப்பீர்கள்?

மதிப்பிற்குரிய கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். போன கோயில் கொடைக்கு நடந்த குதிரை வண்டிப் பந்தயத்தில், எல்கைக் கொடியைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் மூன்று வண்டிகள் ஒன்றோடொன்று மாட்டியதும், ஒரு சின்னக்குதிரை முன்கால் முட்டி பிய்ந்து நின்றதும் உங்களுக்குத் தெரியாததல்ல. மைக் உங்கள் கையில்தான் இருந்தது. ‘சாரதிகள் கவனமாக ஓட்டவும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த செட் வண்டிகளைக் கூப்பிட்டீர்கள்.

கவனத்தால் ஆகிற காரியமா அது? ஒற்றைத் தடத் தார்ச்சாலையின் அகலம் 3.75 மீட்டர், அதாவது 12 அடிக்குக் கொஞ்சம் மேல். குதிரையும் வண்டியும் சேர்ந்த நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். திரும்புகிற வண்டி ஒரு நொடி குறுக்கே நின்றாலே ரோடு மொத்தமும் அடைபட்டுப் போகும். பின்னால் வருகிறவன் ஓட்டத்தைக் குறைக்க முடியாமல் ஓரத்தில் இறக்குவான். நம் கரிசல் மண் கோடையில் சுருங்கி வெடித்து, தார் விளிம்புக்குக் கீழே கைப்பிடி ஆழத்துக்கு இறங்கிக் கிடக்கும். அதில் ஒரு சக்கரம் இறங்கினால் மறு சக்கரம் தூக்கும், அச்சு சாயும், துணைச் சாரதி தெறித்து விழுவான். அந்த இடத்தில் பீப்பாயை வைத்துக் கொடி நட்டது யார்? வலமாகத் திரும்புவதா, இடமாகத் திரும்புவதா என்றுகூட முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒருவன் இந்தப் பக்கமும் ஒருவன் அந்தப் பக்கமும் வளைத்தால் முட்டாமல் என்ன செய்யும்?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். நுழைவுக் கட்டணம் வாங்கும் முன்பே பந்தய ரோட்டின் தரத்தை அளந்து நோட்டீஸில் போடுங்கள்.

குதிரை உயரத்தில் அரை அங்குலம் கூடினால் நடுக்குதிரையா சின்னக்குதிரையா என்று காலை வெயில் ஏறும் வரை வாதம் நடக்கிறது. அந்த நாடாவை ரோட்டின் குறுக்கே ஒரு தடவை பிடித்தால் போதும். ரெண்டு பக்கமும் வண்டி போய்வர 7 மீட்டர் அகலம், வேகத்தடை இல்லாத ஓட்டம், கொடிக்கருகில் 50 அடிக்குக் குறையாத திறந்த திடல் என்றால் முதல் தரம். பெரிய குதிரைகளைச் சேர்த்து விடலாம். ஐந்தரை மீட்டர் என்றால் இரண்டாம் தரம், செட் பிரித்துத்தான் விட வேண்டும். 3.75 மீட்டர் ரோட்டில் போக வர ஓட்டம் கூடவே கூடாது. விட்டே தீர வேண்டுமானால் ஒருவழி ஓட்டமாக விடுங்கள்.

அகலத்தோடு முடியாது. முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு பேர் நாடாவும் சாக்குக்கட்டியுமாக ரோட்டை நடந்தே பார்க்க வேண்டும். ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாலத்தின் மேல் தார் எங்கே எழும்பியிருக்கிறது, ஒட்டுப் போட்ட இடத்தில் சில்லு ஜல்லி உதிர்ந்து கிடக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். குளம்புக்கடியில் ஒரு சில்லு ஏறினால் அந்தக் குதிரை அன்றைக்கு அவ்வளவுதான். நிற்கும்போதே குதிரையின் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள்தான் தாங்கும். கெட்டித் தாரில் மைல் கணக்கில் அடி வாங்குவதும் அந்தக் கால்களே. திருப்புதிடலைச் சரளையால் நிரப்பாதீர்கள், சறுக்கும். மண் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்குங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆனி, ஆடியில் கயத்தாறு பக்கம் கிழக்கு மேற்கான ரோட்டில் ஓடினால் ஒரு பாதி ஓட்டம் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றை எதிர்த்துத்தான். தெற்கு வடக்கு ரோட்டில் அதே 8 மைலை ஓடி ஜெயித்த குதிரையும் இதுவும் சமமா? சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல் ரோட்டில் ஏறிக் கிடந்தால் சக்கரம் இழுக்கும், வேகமாக ஓடிப் பழகிய குதிரை அங்கே திணறும். எல்கைப் பந்தயத்தில் ஜெயித்த பேரை வைத்துத்தான் குதிரைக்கு விலை பேசுகிறார்கள். எந்த ரோட்டில் ஜெயித்தது என்று எந்தக் கமிட்டியும் எழுதி வைப்பதில்லை. தூரமும் யாரோ ஒருவருடைய பைக் மீட்டர் சொன்ன தூரம்தான்.

இங்கிலாந்தில் பந்தயத்துக்கு முன் தரை கெட்டியா, நல்லதா, இளகலா, சேறா என்று அறிவித்துவிட்டுத்தான் குதிரையை விடுகிறார்கள். பிரான்சில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, கம்பி மண்ணில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். நம் பந்தய பிளெக்ஸில் இருபது பேர் கைகூப்பிச் சிரிக்கிறார்கள். ரோட்டைப் பற்றி ஒரு வரி போட இடமில்லை. யாராவது ஒருவர் தம் படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளக் கூடாதா? வண்டிக்குப் பின்னால் ஹாரன் அடித்து விரட்டுகிற பைக் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது தனி மடலாகிவிடும். அவர்களில் பாதிப் பேர் நெஞ்சில் கமிட்டி பேட்ஜ் தொங்குகிறது என்பதோடு விட்டுவிடுகிறோம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரரிடம் வசூல் பண்ணி, அனுமதிக்கு அலைந்து, பரிசு சேர்த்து நடத்துவது லேசான பாடல்ல என்று தெரியும். அதனால்தான் பணிந்து கேட்கிறோம். அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் நாலு வரி சேருங்கள்: ரோட்டின் அகலம், தரைநிலை, திருப்பும் இடமும் பக்கமும், அளந்த தூரம். அதைப் படித்துவிட்டு எந்தக் குதிரையைப் பூட்டுவது, பூட்டுவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

ஒருவழி ஓட்டம் என்றால் குதிரையையும் வண்டியையும் திருப்பி ஏற்றிவர டெம்போ வாடகை ஆகும் என்பீர்கள். அதையும் நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம்.

இப்படிக்கு,
குதிரை வண்டிக்காரர்கள்