வண்டி பார்க்க வந்தவர்களுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா எழுதிய உயிலை நிறைவேற்ற அம்மாவுக்கு அனுமதி தரும் நீதிமன்றத் தாள் நேற்று கைக்கு வந்துவிட்டது. அம்மா அதை வரி விடாமல் படித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "முதலில் எல்லோருக்கும் ஒரு வார்த்தை நன்றி எழுதிப் போடு" என்றார். மாமா இறந்துபோனது, அவர் வீட்டைப் பூட்டிச் சாமான் பட்டியல் எடுக்க வேண்டி வந்தது, நாங்கள் ஐந்து பேரும் முற்றத்தில் நின்ற அவருடைய மோட்டார்ஹோமுக்குள், அதாவது கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டிக்குள், குடியேறியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள். மறுபடி அதற்குள் போகவில்லை. ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறைப்படி நெருங்கிய சொந்தத்தில் தொடங்க வேண்டும். நான் தொடங்குவது எங்களுக்கு எந்த உறவும் இல்லாத ஒரு தம்பதியில். வண்டி விலைக்கு வரும் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர்கள், வாங்காமல் போனவர்கள். பெயர் போடக் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டதால் அண்ணா, அக்கா என்றே எழுதுகிறேன்.

குடியிருக்கும் வண்டியை விலைக்குக் காட்டுவது தனி அவஸ்தை. வீடு என்றால் எல்லாவற்றையும் ஓர் அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம். இங்கே சாத்துவதற்கு அறையே கிடையாது. மகளின் ஈரச் சீருடை ஷவருக்குள் தொங்கும். டிரைவர் சீட்டைத் திருப்பிப் போட்டு என் கணவர் அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். இரவில் கட்டிலாக மாறும் மேசை மேல் அம்மாவின் மருந்து டப்பாவும் வக்கீல் அனுப்பிய தாள்களும் கலந்து கிடக்கும். இதற்கு நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்து அலமாரியைத் திறந்து திறந்து மூடுவார்கள். முன்னால் வந்த ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "செத்தவர் சாமான்தானே, சீக்கிரம் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள்" என்று எங்கள் காதுபடவே போனில் பேசினார். அம்மா அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் அண்ணாவும் அக்காவும் வந்தபோது எங்கள் முகம் அவ்வளவு நன்றாக இருந்திருக்காது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளாததற்கு ஒரு நன்றி.

ஏறியதும் என் கணவர் உள்ளதைச் சொன்னார். "ஃப்ரிட்ஜ் போய்விட்டது. விலையில் கழித்துக்கொள்ளுங்கள்."

அண்ணா தலையாட்டிவிட்டு அடுத்த அலமாரிக்குப் போயிருக்கலாம். வாங்க வந்தவர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார், நானும் செய்திருப்பேன். அவர் தோள்பையிலிருந்து ஒரு சின்ன ரசமட்டத்தை எடுத்து ஃப்ரீசரின் தரையில் வைத்தார். குமிழி ஓடிப்போய் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. என் மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். "தம்பி, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சொல்லு பார்ப்போம்."

சாய்ந்திருந்தது எங்களுக்கும் தெரியும். முற்றமே தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்டது. ராத்திரி பிள்ளைகள் இரண்டு பேரும் உருண்டு ஒரே ஓரத்தில் கிடப்பார்கள், காலையில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அண்ணா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்கினார். வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி இதற்குள் கம்ப்ரசர் கிடையாதாம். கேஸ் சுடரோ மின்சாரமோ கொடுக்கும் சூட்டில் அம்மோனியா நீரிலிருந்து பிரிந்து ஆவியாகி மேலே போகும். அங்கே குளிர்ந்து திரவமாகி, தன் எடையிலேயே குழாய் வழியாகக் கீழே இறங்கிவர வேண்டும். தள்ளிவிட மோட்டார் இல்லை, இழுப்பது பூமிதான். சாய்வாக நிறுத்தினால் திரவம் வழியில் தேங்கி நின்றுவிடும், குளிர்ச்சி வராது. ரொம்ப நாள் சாய்வாகவே ஓடவிட்டால் நிஜமாகவே கெட்டும் போகும். "உங்களுடையது இன்னும் கெட்டிருக்காது என்று நினைக்கிறேன். சமமாக நிறுத்திப் பார்த்துவிடலாமே."

வெளிப் பெட்டியில் மாமா வைத்திருந்த மஞ்சள் நிற பிளாஸ்டிக் ஆப்புகள் இரண்டு கிடந்தன. அவற்றில் என் மகன் பொம்மைக் கார் விட்டுக்கொண்டிருந்தான். அவை சக்கரத்துக்கு அடியில் கொடுப்பதற்கு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணா வெளியே நின்று கை காட்ட, கணவர் வண்டியை அங்குலம் அங்குலமாக அதன் மேல் ஏற்ற, மகன் உள்ளே ரசமட்டத்தைப் பார்த்து "இன்னும்! இன்னும்! போதும்!" என்று கத்த, முற்றமே திருவிழாவானது. மறுநாள் காலை ஃப்ரிட்ஜைத் திறந்தால் தண்ணீர் பாட்டில் வியர்த்து நிற்கிறது. அதுவரை அம்மாவின் பிரிக்காத இன்சுலின் பேனாக்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தோம். அன்று மத்தியானமே வாங்கி வந்து எங்கள் ஃப்ரிட்ஜில் வைத்தோம்.

அண்ணா செய்ததை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஃப்ரிட்ஜ் வேலை செய்கிறது என்றால் விலை ஏறும், அதைக் கொடுக்க வேண்டியவர் அவர். தனக்குக் கிடைக்க இருந்த தள்ளுபடியைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, அதற்காக முழங்கால் அழுக்காகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வண்டியைப் பார்த்த விதமே வேறு, ஏதோ அவருடைய தங்கை விற்கப்போகிற வண்டி மாதிரி. பின்பக்கக் கட்டிலுக்கு மேல் மூலையில் கட்டைவிரலால் அழுத்தினார். பலகை லேசாக உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. இரண்டு ஊசி வைத்த ஈரமானியைக் குத்தினார், 28 காட்டியது. 15 சதவீதத்துக்குள் என்றால் கவலையில்லை, 20ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்றார். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடத்தில் பூசிய பசை காய்ந்து வெடித்திருந்தது. இப்போதே சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் சின்னச் செலவு, இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டால் உள்ளே இருக்கும் மரச்சட்டம் மக்கிவிடும். அந்த ஒரு மூலையைக் காட்டியே அடுத்து வருபவர் உங்களை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்துவிடுவார் என்றும் சொன்னார்.

டயரின் வரிப்பள்ளங்கள் தேயவில்லை, புதுசு மாதிரித்தான் தெரியும். அவர் டார்ச் அடித்து, பக்கவாட்டில் நீளமான எழுத்து வரிசையின் கடைசியில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2312 என்று போட்டிருந்தால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இந்த மாதிரி வண்டிகள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகமாம். அந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏற்றிவிடாதீர்கள் என்று கணவரிடம் இரண்டு முறை சொன்னார். பேட்டரிப் பெட்டியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, "12.7 வோல்ட் நிறைவு. 12.2 பாதி. அதற்குக் கீழே இறக்காதீர்கள்" என்று எழுதினார். ராத்திரி பிள்ளைகளின் விளக்கு மங்குவதற்குக் காரணம் புரிந்தது.

அக்கா இந்த நேரமெல்லாம் அம்மாவோடு இருந்தார். மாமாவின் காகிதங்களை அம்மா ஒரு குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து, "இதை மட்டும் கிழிக்காதீர்கள் அம்மா" என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். கேஸ் சோதனைச் சீட்டுகள், சாவி எண் எழுதிய அட்டை, சர்வீஸ் ரசீதுகள். அதோடு ஒரு நோட்டும் வந்தது. மாமா எண்ணெய் ஊற்றிய ஒவ்வொரு தடவையும் தேதி, இடம், லிட்டர், கிலோமீட்டர் எல்லாம் எழுதி வைத்த நோட்டு. அம்மா அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நாங்கள் யாராக இருந்தாலும் "அப்புறம் பார்க்கலாம்மா" என்றிருப்போம். அக்கா முன்பின் பார்த்தேயிராத ஒரு மனிதர் எங்கே எத்தனை லிட்டர் ஊற்றினார் என்பதை உட்கார்ந்து கேட்டார். "அங்கேயிருந்து நேராக மலைக்குத்தான் போயிருப்பார் போல," என்று இடையிடையே வழியும் கேட்டார். ஒரு பக்கத்தில் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "பாருங்கள், வேலை இருக்கிறது, வர முடியாது என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்க இங்கே சுற்றியிருக்கிறான்!" தம்பி போன பிறகு அம்மா அவரை எல்லோரிடமும் "அவர்" என்றே சொல்லிவந்தார். அக்காவிடம்தான் பழையபடி "அவன்" வந்தது.

கிளம்பும் நேரத்தில் விலை பேசி முடித்தோம். நியாயமான விலை. கணவர் முன்பணம் என்று வாயெடுக்க, அண்ணா கேட்டார்: "கையெழுத்து யார் போடுவீர்கள்?" மாமா இருக்கும்போதே அம்மாவுக்குப் பவர், அதாவது தன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதிக் கொடுத்திருந்தார், அது போதும் என்றுதான் சொந்தத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தவர் போனதோடு பவரும் போய்விடும் என்றார் அண்ணா. உயிலில் அம்மா பெயர் இருந்தாலும், நீதிமன்றத் தாள் வந்த பிறகுதான், உயிலை நிறைவேற்றுபவர் என்ற முறையில் விற்று, அந்தப் பணத்தை மாமாவின் சொத்துக் கணக்கில்தான் போட வேண்டும், கடன்கள் போக மீதிதான் பங்கு. "இன்றைக்கு நான் கொடுத்து நீங்கள் வாங்கினால், நாளைக்குப் பங்காளி யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அம்மாதான்." கொண்டுவந்த பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். அவருடைய பாதுகாப்புக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வக்கீலிடம் கேட்டபோது அச்சு மாறாமல் அதையே சொன்னார்.

சில வாரம் கழித்து அக்கா கூப்பிட்டு, வேறு வண்டி கிடைத்துவிட்டது, எங்களுக்காகக் காத்திருந்து வேறு ஆளை விட்டுவிடாதீர்கள் என்றார். அதைச் சொல்லவும் ஒரு போன்.

இனி மற்றவர்கள். ஒரே மூச்சில் சொல்வதால் குறைவாக நினைக்காதீர்கள். சுவருக்கு மேலே மின்சார ஒயரை எடுத்துவிட்டுக் கணக்கே கேட்காத பக்கத்து வீட்டு அத்தை, இன்சுலினுக்கும் உங்களுக்குத்தான். கழிவறைப் பெட்டியைக் காலி செய்யும் முறை வரும்போதெல்லாம் என் மகனோடு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த எதிர் வீட்டுத் தம்பி, அந்தச் சுமைக்கு நன்றி சொல்ல இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கவில்லை. தேர்வு நாட்களில் மகளுக்கு ஓர் அறை கொடுத்தவர்கள், பட்டியல் எடுக்க வந்து அலமாரி அலமாரியாக எழுதியவர்கள், ஒரே கேள்வியை எத்தனை விதமாகக் கேட்டாலும் சலிக்காத வக்கீல் அம்மா, வங்கியில் டோக்கன் முடிந்த பிறகும் அம்மாவை உட்காரச் சொன்ன அந்தப் பெண். எல்லாவற்றுக்கும் மேல், நாங்கள் வண்டியில் தங்கிக்கொள்ள முதல் வாரமே எழுத்தில் சம்மதம் கொடுத்த பெரியம்மாவும் சின்ன மாமாவும். பிணக்கு வந்திருக்கக்கூடிய இடம் அது, நீங்கள் வரவிடவில்லை.

வண்டியை நாமே வைத்துக்கொள்ளலாமே என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். நிறைவேற்றுபவரே தன் வீட்டுக்கு எடுப்பதென்றால் வெளியாள் மதிப்பீடும் மற்றப் பங்குதாரர்கள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை, எனக்கும் இல்லை. விற்கத்தான் போகிறோம். கூரைப் பூச்சு முடிந்துவிட்டது. அந்த மூலையில் இப்போது ஈரம் குறைந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் வருகிறவருக்கு முதலில் அதைத்தான் காட்டுவோம். டயரின் வயது, பேட்டரியின் நிலை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியாயிற்று. விலை குறைந்தால் குறையட்டும். கணவர் ஒரு ரசமட்டமும் வாங்கி வைத்திருக்கிறார், அது வண்டியோடு போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூரை வேலைக்காக யாரோ ஓர் அலுமினிய மடிப்பு ஏணியைச் சொல்லாமல் முற்றத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். கேட்ட எல்லோரும் "என்னுடையது இல்லை" என்கிறீர்கள். வரும் மாதம் நாங்கள் ஊர் திரும்புகிறோம். தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு படியின் திருகு கழன்றிருந்தது, முடுக்கி வைத்திருக்கிறோம்.