உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இணைச் சிகிச்சை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த என் பெரியம்மா, ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்தும் விழுங்க முடியாமற்போன பிறகே மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அதற்குள் உணவுக்குழாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது.

கதிர்வீச்சால் சிதையும் புற்றுக்கலங்கள் உடலின் எதிர்ப்புக் கலங்களுக்குத் தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன என்பதாலும், அந்த எதிர்ப்புக் கலங்களைக் கட்டிப்போடும் தடையை (இதைக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி ஹொஞ்சோ 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்) நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகள் நீக்குகின்றன என்பதாலும், கதிர்வீச்சுச் சிகிச்சையையும் இம்மருந்துகளையும் இப்புற்றுநோய்க்கு இணைத்து வழங்கிப் பார்க்கும் ஆய்வுகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. இந்த இணைச் சிகிச்சையால் நுரையீரல் அழற்சி ஏற்படலாம் என்பதால் கண்காணிப்பு அவசியம்.

இம்மருந்துகளின் விலையோ நாட்சம்பளக்காரருக்கு எட்டாதது. அரசு இவற்றை இலவசமாக வழங்குவதுடன், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் எம் மக்களுக்கு, விழுங்கச் சிரமம் தொடங்கியவுடனேயே எண்டோஸ்கோபி (கமரா பொருத்திய குழாயால் உணவுக்குழாயின் உட்புறத்தைப் பார்க்கும்) பரிசோதனை மலையகத்திலேயே கிடைக்கவும் வழிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை,
ஹட்டன்.