ஆறாம் வகுப்பில் பென்சிலைக் கீழே வைக்கும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலைத் திருவிழாவில் பரிசு பெற்ற மாணவர்களின் படங்களைத் தங்கள் நாளிதழ் மகிழ்ச்சியோடு வெளியிட்டு வருகிறது. 2022-23ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய அந்த விழா, மேடையே கண்டிராத பல பிள்ளைகளுக்கு மேடை அமைத்துத் தந்திருக்கிறது. ஆனால் ஓவியப் போட்டிக்கு ஒரு பள்ளியிலிருந்து செல்பவர்கள் ஓரிருவர்தான். மற்றப் பிள்ளைகள் வாரத்தில் எவ்வளவு நேரம், யாரிடம், எதை வரையக் கற்கிறார்கள் என்ற கேள்வி விழா முடிந்த பின்னும் அப்படியே நிற்கிறது. அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதுபற்றிச் சிலவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தை மனிதரை வரைந்தால், வட்டமான தலையிலிருந்தே இரண்டு கால்கள் கிளம்பும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வந்ததும் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் வீடு, மரம், அம்மா, ஆட்டுக்குட்டி என எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தும். தனக்குப் பிடித்தவரை வீட்டைவிடப் பெரிதாகவும் வரையும். அந்த வயதில் வரைவதற்குக் கூச்சமே கிடையாது. ஒன்பது, பத்து வயதுக்கு மேல்தான் சிக்கல் தொடங்குகிறது. கண்ணால் கண்டதைப் போலவே படமும் அமைய வேண்டும் என்ற ஆசை அப்போது பிறக்கிறது. கையோ அதற்கு ஒத்துழைப்பதில்லை. நாற்காலியின் பின்கால்களை எங்கே வரைவது, வட்டமான குடத்தின் வாய் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஏன் நீள்வட்டமாகத் தெரிகிறது என்று பக்கத்தில் அமர்ந்து காட்டித்தர ஒருவர் இல்லாவிட்டால், “எனக்கு டிராயிங் வராது சார்” என்று சொல்லிப் பிள்ளை ஒதுங்கிவிடுகிறது. ஐம்பது வயதிலும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் பென்சிலைக் கீழே வைத்தவர்களே. ஆகவே, ஓவியக் கல்வியில் ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலமே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

அந்த வகுப்புகளில்தான் நம் பள்ளிகளில் ஓவிய ஆசிரியரின் இருப்பு அரைகுறையாக இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் அவருக்கு இடமே இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் கலைக் கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதையொட்டி 2012இல் தமிழகத்தில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரை நாள்கள் பணிபுரிய அமர்த்தப்பட்டனர். ஊதியம் பின்னர் சில முறை உயர்த்தப்பட்ட போதிலும், பணி நிரந்தரம் கோரி அவர்கள் இன்றுவரை போராடி வருகிறார்கள். நூறு பேருக்குக் குறைவாகப் படிக்கும் சிற்றூர் நடுநிலைப் பள்ளிகளுக்கு அந்த அரை நாளும் வாய்ப்பதில்லை. பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வி கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு (பள்ளிப் பாடங்கள் அனைத்துக்குமான தேசிய வழிகாட்டி ஆவணம்) பரிந்துரைத்ததை இங்கே நினைவூட்டுவது பொருத்தமாகும்.

ஆசிரியர் இல்லாத வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை எந்தப் பள்ளியின் ஓவிய நோட்டைப் புரட்டினாலும் காணலாம். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதிச் சூரியன், கீழே வளைந்தோடும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசையும் தென்னையும். மலையையே பார்த்திராத கடற்கரை ஊர்ப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. தான் நாள்தோறும் பார்க்கும் படகையும் வலையையும் வரைவதில்லை. இது பிள்ளையின் குற்றமன்று. கரும்பலகையில் போட்ட படத்தைப் பார்த்து எழுதச் சொல்லும் பழக்கத்தின் விளைவு. ஒருமுறை ஆறாம் வகுப்பில் காகத்தை வரையச் சொன்னேன். எல்லோரும் அலகு முதல் வால் வரை கறுப்பைத் தீட்டினார்கள். பிறகு, சத்துணவுக் கூடத்தருகே வந்து அமரும் காகங்களைப் பார்த்து வரும்படி வெளியே அனுப்பினேன். திரும்பி வந்தவர்களில் ஒரு சிறுமி, “சார், கழுத்து மட்டும் சாம்பல் நிறம்” என்றாள். பென்சில் தூளை விரலால் தேய்த்து அந்தச் சாம்பலைத் தானே உண்டாக்கியும் காட்டினாள். அன்று நான் கற்பித்தது உற்றுப் பார்ப்பதை மட்டுமே. ஓவிய வகுப்பின் முதல் வேலை அதுதான் என்று நம்புகிறேன். அறிவியல் பாடத்தில் இலை நரம்புகளை வரையவும், கணக்கில் வடிவங்களைப் பிரித்தறியவும் தேவைப்படுவது இதே கண்தான்.

பொருள்களுக்குப் பஞ்சம் என்ற காரணத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கிரேயான்களும் வண்ணப் பென்சில்களும் அரசே விலையில்லாமல் தருகிறது. அவை தீர்ந்தாலும் அடுப்புக்கரி, செங்காவி, சுண்ணாம்பு, களிமண் ஆகியவை எந்த ஊரிலும் கிடைக்கும். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தாமரைக் குளத்தை எழுதிய ஓவியர்களும் சுண்ணாம்பு, கரி, காவி மண் போன்றவற்றையே பெரிதும் கையாண்டார்கள். அந்தக் குளத்தில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் இருக்கின்றன. நிறம் மங்கிய நிலையிலும், மலர் பறிப்பவர் தண்டைப் பிடித்திருக்கும் விரல்களின் நளினம் தெரிகிறது. அங்கே சுற்றுலா அழைத்து வரப்படும் பிள்ளைகள் சில நிமிடங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வரிசையில் நகர்ந்துவிடுகிறார்கள். பார்த்ததில் ஒரே ஒரு பூவை, வெளியே பாறை நிழலில் அமர்ந்து நினைவிலிருந்து வரைய அரை மணி நேரம் கொடுத்தால் போதும். அடுத்த முறை அவர்கள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

பள்ளிக் கல்வித் துறையிடம் நான் வேண்டுவன மிகப் பெரியவை அல்ல. அருகருகே உள்ள சில நடுநிலைப் பள்ளிகளுக்குச் சேர்த்தாவது ஒரு முழுநேர ஓவிய ஆசிரியரை நியமிக்கலாம். பல ஆண்டுகளாகப் பகுதிநேரமாக உழைத்து வருபவர்களுக்கே அதில் முன்னுரிமை தர வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில், தாங்களே கரித்துண்டை எடுத்து வரைந்து பார்க்கும் அமர்வு ஒன்று இடம்பெற வேண்டும். கால அட்டவணையில் ஓவியத்துக்கென்று குறிக்கப்பட்ட பாடவேளையைத் தேர்வு நெருங்கும்போது கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தலைமையாசிரியர்களுக்குத் தெளிவான சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இந்த மூன்றாவதற்குப் பணம் எதுவும் செலவாகாது என்பதால், அதை வரும் பருவத்திலிருந்தே நடைமுறைப்படுத்தலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
புதுக்கோட்டை.