கரையில் விட்டுப்போகும் தூண்டில் நரம்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆற்றங்கரைப் பூங்காக்களில் விடுமுறையைக் கழிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படகில் ஏறுகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும், குழந்தைகளைத் தண்ணீர் ஓரத்தில் தனியே விடக்கூடாது என்று வலியுறுத்தியிருந்தது மிகவும் தேவையானது. தூண்டில் போடுகிறவர்களுக்கு மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. பல ஆண்டுகளாகத் தூண்டில் போடுகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் குடும்பத்தோடு அப்படியொரு பூங்காவுக்குப் போயிருந்தோம். பாய் விரித்து உட்கார்ந்த சற்று நேரத்தில், நாணலுக்குள் ஒரு கொக்கு படபடப்பதை என் மகள் பார்த்துவிட்டாள். அது எழும்பும், இரண்டடி உயரம் போனதும் யாரோ பிடித்து இழுத்ததுபோல விழும். கிட்டே போன பிறகுதான் காலில் தூண்டில் நரம்பு சுற்றியிருப்பது தெரிந்தது. மறுமுனை நாணல் தூரில் சிக்கியிருந்தது. என் மனைவி துண்டை அதன் தலைமேல் போர்த்திப் பிடித்துக்கொண்டார். (கொக்கைப் பிடிக்க நேர்ந்தால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணைக் கொத்திவிடும்.) நரம்பு நான்கு சுற்றுச் சுற்றி, தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. விரலால் தடவித்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. நகவெட்டியால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுத்தேன். கொக்கு பறந்துபோய்விட்டது. அந்தக் கால் மட்டும் மடங்காமல் தொங்கிக்கொண்டே போனது.

யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. நரம்பு சிக்கலாகிவிடும், பிரிக்கப் பொறுமை இருக்காது, அறுத்துப் போட்டுவிட்டு வேறு தூண்டில் முள்ளைக் கட்டுவோம். நானும் அப்படிச் செய்தவன்தான். ஆனால் அது நைலான்; நம் ஆயுளுக்குள் மட்கப்போவதில்லை. மீனின் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அதைக் கண்ணாடிபோலச் செய்கிறார்கள். பறவைக்கும் அது தெரிவதில்லை, வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்கும் தெரிவதில்லை. நுனியில் முள் இருந்தால் கேட்கவே வேண்டாம். மோட்டார் படகின் விசிறித் தண்டில் சுற்றிக்கொண்டால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ என்ற அடைப்பு வளையத்தை அறுத்துவிடும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி கியர் கெட்டுப்போகும்.

தூண்டில் தண்ணீரில் அமிழ்வதற்காக நரம்பில் கட்டும் ஈயக்குண்டின் கதை இன்னும் கொடியது. பறவைக்குப் பல் இல்லை. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். கரையில் உதிர்ந்த ஈயக்குண்டையும் கல்லென்று சேர்த்து விழுங்கிவிடுகிறது. அரைவைப்பையில் அது தேயத் தேய ஈயம் ரத்தத்தில் கலக்கிறது. இங்கிலாந்தின் தேம்ஸ் நதியில் அன்னங்கள் இப்படித்தான் கழுத்துத் துவண்டு செத்தன. 1987இல் அங்கே 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளில் பெரும்பாலானவற்றின் விற்பனைக்குத் தடை வந்த பிறகு, அன்னங்களின் எண்ணிக்கை மீண்டும் கூடியது.

பூங்காக்களை நிர்வகிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தூண்டில் போடும் இடங்களில் நரம்புக்கென்று தனியாக ஒரு குழாய் வையுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் படகுத்துறைகளிலும் மீன்பிடி மேடைகளிலும் வளைந்த வாயுள்ள பி.வி.சி. குழாயைக் கம்பத்தில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குள் நரம்பைப் போட்டால் பிறகு சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். திறந்த குப்பைத்தொட்டி இதற்கு உதவாது; அங்கே இரை தேடும் பறவைகள் மறுபடியும் மாட்டிக்கொள்ளும். குழாய் வரும்வரை, தூண்டில்காரர்கள் அறுத்த நரம்பை வீட்டுக்கு எடுத்துப்போய் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிப் போடலாம். கொளுத்த வேண்டாம், புகை கெடுதல்.

அன்று கிளம்புவதற்கு முன் நானும் மகளும் கரையோரமாக ஒரு சுற்று நடந்தோம். அரை மணி நேரத்தில் கையளவு நரம்புச் சுருளும் ஏழு முட்களும் கிடைத்தன. அவற்றைப் படம் எடுத்து இக்கடிதத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடமிருந்தால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தூண்டில் போடும் ஒரு வாசகன்