திமிங்கலம் மீனா? சின்னவளுக்கு அரை மார்க் குடுக்கலாம்

டேய் மச்சான்,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு திட்டாத, கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் படிக்க எழுத விட்டிருக்காங்க. மத்தபடி நல்லா இருக்கேன்.

சின்னவ "திமிங்கலம் ஒரு மீன்"னு பரீட்சைல எழுதி முட்டை வாங்கிட்டு வந்தான்னு எழுதியிருந்தியே, சிரிச்சேன், ஆனா அவள நீ திட்டினது தப்புடா. உயிரினங்களுக்கு ரெண்டு சொல்லுல பேர் வைக்கிற முறைய நிலைநாட்டின லினேயஸ் இருக்காரே, அவரே 1735ல திமிங்கலத்த மீன் கூட்டத்துலதான் வச்சிருந்தாரு, 1758 பதிப்புலதான் பாலூட்டி பக்கம் மாத்தினாரு. அவருக்கே 23 வருஷம் ஆகியிருக்கு.

சரி பாலூட்டிதான், ஆனா யாருக்கு பங்காளி? இதுலதான் பெரிய சண்டை. எலும்ப வச்சு ஆராயுறவங்க பல்லு ஒத்துப்போகுதுன்னு மெசோனிகிட்னு எப்பவோ அழிஞ்சுபோன, கறி தின்ன ஒரு மிருகக் கூட்டத்த காட்டிட்டு இருந்தாங்க, 1990கள்ல டிஎன்ஏ பாத்தவங்க வந்து அதெல்லாம் இல்ல, உசுரோட இருக்குறதுல நெருங்கின சொந்தம் நீர்யானைதான்னு சொன்னா யாருக்கு நம்பத் தோணும் சொல்லு. அப்புறம் 2001ல, பாகிஸ்தான்ல கிடைச்ச, இன்னும் கால் இருந்த பழைய திமிங்கலங்களோட கணுக்கால் எலும்பு பத்தி கட்டுரை வந்துச்சு. ஆட்டோட கணுக்கால் எலும்ப கையில எடுத்துப் பாத்தா மேலயும் கீழயும் கப்பி மாதிரி வழவழன்னு பள்ளம் இருக்கும்டா, ஆடு மாடு பன்னி ஒட்டகம் நீர்யானை இந்த வகையறாவுக்குதான் அப்படி ரெண்டு பக்கமும் கப்பி. அதே கப்பி அந்த திமிங்கலத்துக்கும்! போட்டோவ பெருசு பண்ணி வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன், கண்ணுக்கு ரெஸ்ட் குடுக்க சொன்னாங்கன்னு வீட்ல ஒரே திட்டு.

பல்லும் சரி, உடம்பு ஷேப்பும் சரி, ஒரே மாதிரி பொழப்பு நடத்துனா ஒரே மாதிரி வந்துடும், சுறாவும் டால்ஃபினும் அப்படித்தான். மூஞ்சிய விடு, கடைசியா யாரோட தாத்தா ஒண்ணுன்னுதான் இப்பல்லாம் கேக்குறாங்க.

அந்த கணக்குல இன்னொரு கூத்து பாரு. நுரையீரல் மீனுக்கு கெண்டைய விட மாடுதான் கிட்ட சொந்தம். அப்ப "மீன்"ன்னு ஒரு முழு வம்சம் வேணும்னா, அதுல இருந்து வந்த தவளை, பல்லி, மாடு, திமிங்கலம், நீ, நான் எல்லாத்தையும் சேத்துதான் ஆகணும், நம்மள மட்டும் வெளிய தள்ள முடியாது. அப்படி பாத்தா சின்னவ எழுதினதுல பெரிய தப்பு இல்லியே? டீச்சர்கிட்ட போய் சண்டை போட்டுடாத, வீட்ல நீயே அரை மார்க் போட்டு குடு.

அவகிட்ட என் சார்புல ஒண்ணு கேளு: முதலைக்கு கிட்டத்து பங்காளி பல்லியா, குருவியா? நீ பதில் சொல்லிக் குடுக்காத, அவ என்ன சொன்னான்னு அடுத்த லெட்டர்ல எழுது.

உன் மச்சான்