தரவுத்தளப் பாடங்களில் விடுபடும் பகுதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலைச் செயலி எழுதப் பழகும் மாணவர்களுக்காகத் தமிழில் வரும் கட்டுரைகளும் காணொளிகளும் பெருகியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் சூப்பாபேஸ் போன்ற இணையவழித் தரவுத்தளத்தை இணைப்பது பற்றிச் சொல்லும்போது, அதன் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை என்பிஎம் என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவி, திட்டத்தின் முகவரியையும் ஏபிஐ கீ எனப்படும் அணுகல் குறியீட்டையும் ‘கிரியேட் கிளையன்ட்’ என்ற இணைப்புக் கட்டளைக்குக் கொடுத்து, அட்டவணையிலுள்ள பதிவுகள் திரையில் தெரிந்ததும் அக்கட்டுரைகளும் காணொளிகளும் பெரும்பாலும் பாடத்தை முடித்துவிடுகின்றன. பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

உலாவியில் இயங்கும் நிரலை எவரும் திறந்து பார்க்கலாம். அதிலுள்ள ‘அனான் கீ’ என்ற பொது ஏபிஐ கீயும் அவர்கள் கண்ணில் படும். அது குறையன்று, வெளியில் தெரியலாம் என்று கருதியே அந்தக் கீ வழங்கப்படுகிறது. இடையில் நமது சர்வர் இல்லாத இந்த ஏற்பாட்டில், எந்தப் பதிவை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதைத் தரவுத்தளமே தீர்மானித்தாக வேண்டும். சூப்பாபேஸுக்கு அடித்தளமான போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில், 2016இல் வெளியான 9.5 பதிப்பிலிருந்து உள்ள ‘ரோ லெவல் செக்யூரிட்டி’ என்ற பதிவுவாரிப் பாதுகாப்பு அதற்கானதே. ஆனால் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் கட்டளை எழுதி அட்டவணையை உருவாக்கும்போது, அதை நாம்தான் இயக்கிவிட வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதை இயக்கிவிட்டு அனுமதி விதி எதையும் எழுதாமல் விட்டால், பதிவுகளைக் கேட்கும்போது பிழைச்செய்தி ஏதும் வராது. பதிவு எதுவுமில்லாத காலிப் பட்டியல்தான் திரும்பி வரும். நூலகம் பழுது என்று எண்ணும் மாணவர் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார். தரவு வந்துவிடுவதால் அதன்பின் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. இன்னும் சிலர், எல்லா விதிகளையும் மீறிச் செல்லும் ‘சர்வீஸ் ரோல்’ கீயை உலாவி நிரலில் வைத்துவிடுகிறார்கள். அதை நிரலுக்கு வெளியே, அமைப்பு மதிப்புகளை வைக்கும் சூழல் கோப்பில் எழுதிவிட்டோமே என்று அவர்கள் நிம்மதியடைவதிலும் பொருளில்லை. வலைச் செயலிகளை உருவாக்க உதவும் நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில், சூழல் கோப்பில் ‘நெக்ஸ்ட் பப்ளிக்’ என்று தொடங்கும் மாறிகள் உலாவிக்குப் போகும் கோப்பில் அப்படியே சேர்ந்துவிடும். ஃபயர்பேஸின் ஃபயர்ஸ்டோர் என்ற மற்றோர் இணையவழித் தரவுத்தளத்திலோ, 30 நாள்களுக்கு எவரும் படிக்கவும் எழுதவும் இடந்தரும் சோதனை விதியில் தேதியை மட்டும் தள்ளிவைத்துக்கொண்டே போவோர் உண்டு.

இது வீண் அச்சமன்று. லவபிள் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கிய தளங்கள் பலவற்றில் இவ்விதிகள் போதிய அளவு இல்லாததால், உள்நுழையாதவர்களும் பயனர் விவரங்களைப் படிக்க முடிந்தது என்பதை 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறுவோருக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

எனவே, தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இத்தகைய பாடங்கள் இடம்பெறும்போது, இணைப்பு வரிகளுக்கு முன்பாகவே அனுமதி விதியை எழுதிக் காட்டுமாறு கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். இரண்டு சோதனைக் கணக்குகளைத் தொடங்கி, ஒருவரின் பதிவு மற்றவருக்கோ உள்நுழையாதவருக்கோ தெரியவில்லை என்பதைச் சரிபார்க்கும் முறையையும் அதே கட்டுரையில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர்,
கோயம்புத்தூர்.